மூக்குக்காரி வள்ளித்தாயும் பன்னிரண்டு ஒயின்களும்

வள்ளித்தாய் தன் நாற்பத்து நாலு வயதுக்குள் ஒயினை நாக்கில் வைத்ததில்லை. நம் பக்கத்தில் ஒயின் ஷாப் என்ற பேரில் ஊருக்கு நாலு கடை உண்டு. அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அப்பேர்ப்பட்ட சிவகாசியில் இருந்துகொண்டு, பிரான்சு தேசத்து ஒயினில் பென்சில் சீவிய வாடை வரும், ஜெர்மனி ஒயினில் மண்ணெண்ணெய் வாடை வரும், ஆஸ்திரேலியா ஒயினில் மிளகு ஏறும் என்று அவள் மளமளவென்று ஒப்பிப்பாள். திருத்தங்கல் ரோட்டில் ஓர் அச்சாபீசில் எட்டு மாதம் அவளுக்கு அதுதான் வேலை. அந்த வேலை எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சிரித்துக்கொண்டே கேட்டு முடிக்கிற கதை இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு மூக்குக்காரி என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. மூக்கு நீளம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலைக்கு அவள் போய்க்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த பேர் அது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், எதிர் அறையில் கலந்து வைத்திருந்த மருந்தில் ஈரம் பட்டுப்போயிருக்கிறது. ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடேறும். சூடேறும்போது மூத்திரச் சந்தில் அடிக்கிற மாதிரி ஒரு நெடி லேசாகக் கிளம்பும். அங்கே வேலை பார்த்த நாற்பது பேரில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. இவள் மட்டும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து, "ஏட்டி, ஓடுங்கட்டி! நெடி வருது, ஓடுங்க!" என்று கத்தினாள். எல்லாரும் வேலிக்கு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று, இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அறை ஓடும் சுவருமாக மேலே போய்விட்டது. ஓர் உயிருக்குச் சேதமில்லை. அன்றைக்கு இருந்து போர்மேன் மொக்கைச்சாமி காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்னால் வள்ளித்தாயைத்தான் முதலில் அறைக்குள் அனுப்புவார். "மூக்குக்காரி சரின்னுட்டா, உக்காருங்கலே" என்பார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் மூக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று. யாரோ எதையோ உரசினார்கள் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. மருந்து கலக்கிற அறையில் அவள் புருஷன் வெள்ளைத்துரையும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். சத்தம் கேட்டதும் எல்லாரும் வெளியே ஓடினார்கள். இவள் உள்ளே ஓடினாள். புகையைக் குடித்து நடுவழியில் விழுந்தவளை யாரோ காலைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து போட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆஸ்பத்திரியில் வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் காயம் இல்லாதவர்கள் பட்டியலில் அவள் பேரைச் சேர்த்தார்கள். வெள்ளைத்துரையைச் சாயங்காலம் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

முப்பதாம் நாள் விசேஷத்தன்று அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் வேல்விழி வாசலில் இருந்து ஓடி வருகிறாள். "எம்மா, என்னம்மா பண்ணுத? கொளம்பு அடிப்பிடிச்சுத் தெருவே நாறுது!" சட்டி கரிக்கட்டையாகிக் கிடக்கிறது, அதன் முன்னால் இவள் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் தெரிந்தது. புகை போன வழியெல்லாம் மூக்கைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கருவாட்டை மூக்குக்குக் கீழே வைத்தாலும் ஒன்றுமில்லை, கற்பூரத்தை வைத்தாலும் ஒன்றுமில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனையே பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மூக்கு போச்சு என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. மகளுக்கு மட்டும் தெரியும்.

மகள்தான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அந்தச் சமயம் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து, வெடித்த மருந்தின் வாடை குப்பென்று வரும். சோறெல்லாம் கந்தகம். "அது நெசமான வாடை இல்லம்மா. மூக்கு செத்துப் போச்சுன்னா மூளை தானா ஒண்ணை நினைச்சுக்கிடும். போகப் போக நின்னுரும்," என்றார் டாக்டர். மூக்கு திரும்பி வருமா என்று மகள் கேட்டதற்கு, "வந்தாலும் வரலாம், சொல்ல முடியாது" என்றார். ஆறேழு மாதத்தில் அந்தப் பொய் வாடை நின்றுபோனது. மூக்கு திரும்பவில்லை. ஆனால் வந்தாலும் வரலாம் என்ற அந்த ஒரு சொல்லை வள்ளித்தாய் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

இன்னொன்றையும் முடிந்து வைத்திருந்தாள். இனிமேல் தானும் சரி, தன் மகளும் சரி, பட்டாசுக் கம்பெனி வேனில் கால் வைக்கக்கூடாது. வெள்ளைத்துரையை எடுத்துப் போன அன்றே வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அது. வேல்விழி பள்ளிக்கூடம் முடித்து, சாத்தூர்க் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வள்ளித்தாய் அச்சாபீசில் காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போனாள். ஆடியில் ஆரம்பித்து மார்கழியில் முடிகிற சீசன் வேலை அது. மற்ற மாதங்களில் கடனை உடனை வாங்கிக் காலம் தள்ளினாள். வேன்காரன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்வாள். கம்பெனிக்குப் போகிற பெண்கள் பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும், நைலக்ஸ் கட்டினால் பொறி பறக்கும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகவே வள்ளித்தாய், வெள்ளைத்துரை போனதில் இருந்து இந்த நாலு வருஷமும், வெயிலோ புழுக்கமோ நைலக்ஸ் சேலையாகவே கட்டினாள். அவளுடைய வீம்பு அப்படி.

இந்த நிலைமையில்தான் அந்த ஒயின் ஆர்டர் வந்தது.

அச்சாபீஸ் முதலாளி ராஜபாண்டியனுக்கு ஹர்ஷினி என்று ஒரே மகள். வெளியூரில் படித்துவிட்டு வந்து அப்பாவுக்கு உதவியாகத் தொழிலைப் பார்த்தாள். காலண்டரும் டைரியும் மட்டும் போதாது, வருஷம் முழுக்க மெஷின் ஓட வேண்டும் என்று நாலு இடத்தில் அலைந்து, பெங்களூரில் ஒரு கம்பெனியைப் பிடித்தாள். பல தேசத்து ஒயினை வரவழைத்துப் பெரிய ஓட்டல்களுக்கு விற்கிற கம்பெனி. ஓட்டலில் பரிமாறுகிறவர்களுக்கு எந்த ஊர் ஒயின் என்ன குணம் என்று சொல்லித்தர அவர்களுக்கு அட்டை வேண்டும். பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு அட்டை. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டத்துப் படம், மறுபக்கம் ஒயினின் குணம், மூலையில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தால் அந்த ஒயினின் வாடை வரும். வாசனை கலந்த வார்னிஷை அந்த வட்டத்தில் பூசுகிறார்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வாசனை பறந்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டிலும் பத்து அட்டையைச் சுரண்டிப் பார்த்து, சரி என்று சீட்டில் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும்.

"மோந்து பாக்க ஆளா? நம்ம வள்ளித்தாய் இருக்கும்போது வெளிய எதுக்குத் தேடணும்?" என்று சொன்னவர் மெஷின் ஓட்டுகிற சோலைச்சாமி. வேப்பமரத்தடியில் அன்று உயிரோடு நின்ற நாற்பது பேரில் அவர் பெண்சாதியும் ஒருத்தி. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

ஹர்ஷினி கூப்பிட்டுக் கேட்டாள். "அக்கா, சீசன் வேலை இல்ல. வருஷம் பூராவும் இருக்கும். செய்வீகளா?"

வருஷம் பூராவும் என்ற சொல் காதில் விழுந்ததும் வள்ளித்தாய்க்கு வேறு எதுவும் கேட்கவில்லை. வேன் ஹாரன் இல்லாத பன்னிரண்டு மாதம்! "செய்றேன் பாப்பா," என்றுவிட்டாள். பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. எனக்கு மூக்கு இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை என்பதும் உண்மை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வேலையை எப்படிச் சமாளித்தாள் என்றால், பக்கத்து மேஜையில் அட்டை எண்ணிக் கட்டுகிற பாண்டீஸ்வரியின் முகத்தை வைத்துத்தான். பாண்டீஸ்வரிக்கு முப்பது வயது, வாயாடி, மனதில் உள்ளது அப்படியே முகத்துக்கு வந்துவிடும். வள்ளித்தாய் ஓர் அட்டையைச் சுரண்டித் தான் மோந்து பார்ப்பாள். பிறகு ஏதோ பரீட்சை வைப்பதுபோல, "ஏட்டி, இதைப் பாரு. என்ன வாடைன்னு சொல்லு பாப்போம்" என்று நீட்டுவாள். எலுமிச்சை என்றால் பாண்டீஸ்வரிக்கு ஒரு கண் சுருங்கும். மண்ணெண்ணெய் என்றால் மேலுதடு ஏறும். வெனிலா என்றால் முகம் இளகிவிடும். வாசனை இறங்கிப்போன அட்டை என்றால் இரண்டாம் முறை மோந்து பார்ப்பாள். அந்த இரண்டாம் முறைதான் வள்ளித்தாய்க்கு அடையாளம். உடனே கட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, "சோலைச்சாமி அண்ணே, இது ஒப்பாது, திருப்பி ஓட்டுங்க" என்பாள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

ஆனால் ஒன்று, குணம் சொல்வதில் அவளை அடிக்க ஆளில்லை. அட்டையில் உள்ள இங்கிலீஷை ஹர்ஷினி வாசித்து அர்த்தம் சொல்வாள். அது எந்த வாடை என்று மற்றவர்களுக்குப் பிடிபடாது. வள்ளித்தாய்க்குச் சட்டென்று பிடிபடும். மூக்கு உள்ளவர்கள் வாடையை அப்போதைக்கு அப்போது மோந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இவளுக்கு இனி வராது என்பதால் பழைய வாடை ஒவ்வொன்றையும் தினமும் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்து வைத்திருந்தாள்.

நியூசிலாந்து வெள்ளை ஒயினுக்குப் புல் வெட்டின வாடை, நெல்லிக்காய்ப் புளிப்பு என்று எழுதியிருந்தது. "மளை வெறிச்ச மறுநா காலையில வரப்புப் புல்லை அறுத்துத் தலைச்சுமையாத் தூக்கிட்டு வரும்போது கழுத்துல சாறு வழியுமே, அந்த வாடை பாப்பா. அதோட அரைநெல்லியைக் கடிச்சது. பல்லு கூசும், ஆனா முகம் தெளிஞ்சுரும்," என்றாள். ஆஸ்திரேலியாச் சிவப்பு ஒயினுக்கு, "மொளகு இடிக்கிற வீட்டுக்குள்ள உக்காந்து நவ்வாப்பளம் திங்கணும். தொண்டையைப் பிடிக்கும், விட மனசு வராது. கொஞ்சம் முரட்டு ஆளு அது," என்றாள். இத்தாலி ஒயினுக்குத் தாரும் ரோசாப்பூவும் என்று போட்டிருந்ததைக் கேட்டுப் பாண்டீஸ்வரி முழித்தாள். "என்னட்டி முழிக்க? ரோடு போட்டுக்கிட்டு இருக்கான், அந்தப் பக்கமா மாப்பிள்ளை ஊர்வலம் போகுது. அம்புட்டுத்தான்!" ஸ்பெயினுக்குத் தேங்காயும் தோலும். செருப்புத் தைக்கிற கடைக்கு அடுத்த வீட்டில் தேங்காய் பர்பி கிண்டுகிறார்கள் என்றாள். பிரான்சில் போர்தோ என்கிற ஊர் ஒயினில் பென்சில் சீவிய வாடை. பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள், வகுப்பு பூராவும் பென்சில் சீவுகிற நேரம் என்றாள். வாத்தியார் மாதிரி கறாரான ஒயின், பழகப் பழகத்தான் பிரியம் காட்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். நம் நாட்டு நாசிக் ஒயினுக்குக் கொய்யா. "பாதி காயி, பாதி பளம். வெயில் தின்னது. நம்ம சாதி," என்றாள்.

ஜெர்மனி அட்டைக்குத்தான் அச்சாபீசே சிரித்தது. "மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற சரக்கைப் போயி விலை குடுத்துக் குடிக்கானுகளா? ரேஷன் கடையில வரிசையில நிக்கச் சொல்லுங்க அவனுகள!" என்றாள் பாண்டீஸ்வரி. வள்ளித்தாய் சிரிக்காமல், "மண்ணெண்ணெய் ஊத்துன கையோட எலுமிச்சம்பளம் நறுக்கிப் பாரு, தெரியும்" என்றாள். ஹர்ஷினி இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். பெங்களூர்க்காரர்களுக்குப் போனில் சொன்னாளாம், அவர்களும் ரசித்தார்களாம். "எங்கக்கா மூக்குக்கு ஈடு கிடையாது," என்று ஹர்ஷினி பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் வள்ளித்தாய் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டை எடுப்பாள்.

பன்னிரண்டாவது அட்டை பிரான்சில் சாப்ளி என்கிற ஊருக்கு. வெயில் குறைந்த ஊர். ஒரு காலத்தில் கடல் கிடந்து வற்றிய சுண்ணாம்பு மண்ணில் திராட்சைக்கொடி நிற்கிறதாம். எலுமிச்சை, கிளிஞ்சல், கடைசியில் தீக்குச்சியை உரசி அணைத்தால் வருகிற வாடை. அதுதான் அந்த ஒயினின் உயர்ந்த குணம் என்று எழுதியிருந்தது. அந்த வாடைக்காகவே தேடிக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

"அக்கா, இதுக்கு ஒண்ணும் சொல்லலையே?" என்று ஹர்ஷினி நோட்டோடு நின்றாள்.

"இதுக்கு என்னத்தச் சொல்ல பாப்பா," என்றாள் வள்ளித்தாய். "எங்க வீட்டுக்காரரு சட்டை." ஹர்ஷினி அதை எழுதவில்லை.

தை மாதக் கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் பாண்டீஸ்வரி லீவு போட்டுவிட்டாள். அச்சாபீசில் பாதிப் பேர் இல்லை. அன்றைக்கென்று பன்னிரண்டாவது அட்டை மெஷினில் இருந்து இறங்கியது. மறுநாள் லோடு ஏற்ற வேண்டும். வள்ளித்தாய் பக்கத்து மேஜையைப் பார்த்தாள். முகம் பார்க்க ஆளில்லை. சோலைச்சாமியிடம் நீட்டலாம் என்றால் அவர் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார், அவர் மூக்கில் எப்போதும் மண்ணெண்ணெய்தான். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே சும்மா ஓர் அட்டையைச் சுரண்டி மூக்கில் வைத்தாள்.

வாடை வந்தது.

கற்பனை இல்லை, நினைப்பு இல்லை, குப்பென்று வந்தது. தீக்குச்சி உரசிய வாடை, கந்தக வாடை, சாயங்காலம் வேனில் இருந்து இறங்கி வந்து வெள்ளைத்துரை கழற்றிக் கொடியில் போடுகிற சட்டையின் வாடை. அடுத்த அட்டையைச் சுரண்டினாள். வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. பத்தும் சுரண்டிவிட்டாள். நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு திறந்துகொண்டது என்று நினைத்தாள், பாவி மனுஷி. வந்தாலும் வரலாம் என்று அந்த டாக்டர் சொன்னாரே! அட்டைக் கட்டின்மேல் முகத்தைக் கவிழ்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். இதற்கு முன் பதினொரு அட்டைக்கும் பயந்து பயந்து கையெழுத்துப் போட்டவள், இந்த ஒரு சீட்டில்தான் கை நடுங்காமல் போட்டாள். யார் முகத்தையும் பார்க்காமல், தன் மூக்கால் பார்த்து, முழுப்பேரையும் எழுதினாள்.

ஓர் அட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். "வேலு, எனக்கு மூக்கு வந்துருச்சு தாயி!" என்றாள். மகள் அட்டையை வாங்கிச் சுரண்டி மோந்து பார்த்தாள். இரண்டாம் முறையும் மோந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, லேசா வருது" என்றாள். நாலு வருஷம் கழித்து அம்மா சிரிக்கிற சிரிப்பை எந்தப் பிள்ளைக்குத்தான் கெடுக்க மனசு வரும்? பாண்டீஸ்வரியின் இரண்டாம் முறையைத் தினம் தினம் உற்றுப் பார்த்த வள்ளித்தாய், அன்று தன் மகளின் இரண்டாம் முறையைப் பார்க்கத் தவறிவிட்டாள். அதற்கப்புறம் வந்த நாட்களில் சோற்றிலும் பூவிலும் ஒன்றும் தெரியாதபோதும், மூக்கு கொஞ்சங்கொஞ்சமாகத்தான் திறக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மாசி பிறந்து பத்து நாளில் பெங்களூரில் இருந்து போன் வந்தது. பெரிய ஓட்டல் ஒன்றில் நூறு பேரை உட்காரவைத்து, அவர்களுடைய ஆள் மேடையில் நின்று, பன்னிரண்டாவது அட்டையைச் சுரண்டச் சொல்லியிருக்கிறார். நூறு பேரும் சுரண்டிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். வாடையே இல்லை. பிரித்துப் பார்த்தால் லோடு முழுக்க அப்படித்தான். அன்று அவசரத்தில் சோலைச்சாமி வாசனை வார்னிஷ் டப்பாவுக்குப் பதிலாக, பக்கத்தில் அதே நிறத்தில் இருந்த சாதா வார்னிஷ் டப்பாவைத் திறந்து ஊற்றியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மூக்கை வைத்திருந்தார்கள்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜபாண்டியன் உட்கார்ந்திருந்தார். சோலைச்சாமி மூலையில் தலைகுனிந்து நின்றார். பாண்டீஸ்வரியும் இருந்தாள். ஹர்ஷினி திரும்பி வந்த கட்டில் இருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க."

வள்ளித்தாய் சுரண்டி மூக்கில் வைத்தாள். "வருதே பாப்பா, நல்லா வருதே! தீக்குச்சி வாடை." அவள் பழக்கத்தில் பாண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். பாண்டீஸ்வரி அட்டையை வாங்கி ஒரு முறை மோந்தாள், இரண்டாம் முறை மோந்தாள், கண் கலங்கிப்போய் அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

வள்ளித்தாய் தன் உள்ளங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். தீக்குச்சி வாடை. முந்தானையை எடுத்துப் பார்த்தாள். தீக்குச்சி வாடை. மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள். வெறும் தண்ணீரிலும் அதே வாடை. அந்தப் பழைய பொய் வாடைதான். போனது திரும்பி வந்திருக்கிறது, மூக்கு வரவில்லை. டம்ளரை மெதுவாக வைத்தாள்.

"எனக்கு மூக்கு இல்ல மொதலாளி," என்றாள். "அவுக செத்த அன்னைக்கே போயிருச்சு."

ராஜபாண்டியன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "முன்னாடியே சொல்லியிருந்தீகன்னா வேற வேலையில போட்டிருப்பேன்லம்மா," என்றார். சொல்லியிருந்தால் போட்டிருப்பார் என்பது உண்மையாகவும் இருக்கலாம். இப்போது போட இடமில்லை. பெங்களூர்க்காரன் ஆர்டரையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். காலண்டர் சீசன் முடிந்து தகரம் அடிக்கிற பக்கம் விளக்கே எரியவில்லை. "ஆடிக்கு வாங்க. கட்டாயம் கூப்பிடுறேன்," என்றார். மாசியில் இருந்து ஆடிக்கு ஐந்து மாதம் கிடந்தது, இனிக் கடன் கொடுக்கவும் ஆளில்லை. ஹர்ஷினி வாசல்வரை வந்தாள். அந்த நோட்டு அவள் கையிலேயே இருந்தது. "பாத்துப் போங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் வேல்விழி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுதாள். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு அதுல ஒண்ணுமே வரலம்மா," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலேஜை இந்த வருஷம் நிறுத்திக்கிடுறேன். வேனுக்கு நான் சொல்லிக்கிடுறேன். திங்கக்கெளமை நான் போறேன்," என்றாள். வள்ளித்தாய் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்துக் கிடந்த பருத்திச் சேலையை எடுத்து உதறினாள். நாலு வருஷ மடிப்பு அப்படியே நின்றது. "அம்மா!" என்றாள் மகள். "நீ காலேஜுக்குப் போ," என்றாள் வள்ளித்தாய். இரண்டு பேருக்காகச் சொன்ன வார்த்தையில் ஒருத்தரையாவது காப்பாற்ற முடிகிறதா என்று பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை வேன் ஹாரன் அடித்தது. இந்த முறை காதைப் பொத்தவில்லை, ஏறி உட்கார்ந்தாள். அது வேறு கம்பெனி, ஆனால் போர்மேன் பழைய மொக்கைச்சாமிதான். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் வைத்திருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல். "ஏலே, மூக்குக்காரி வந்துட்டா! இனி நமக்கு என்னலே பயம்?" என்று சத்தம்போட்டார். வெள்ளைத்துரையின் தங்கை வேலுத்தாய் அதே அறையில்தான் வேலை பார்த்தாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, நீங்க வந்தது எங்களுக்கு யானை பலம். இந்த அறையில நாங்க மூணு பேரும் தினம் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம். நீங்க இங்கன உக்காருங்க," என்று மருந்துத் தட்டுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். நான்கு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

வள்ளித்தாய் அந்த நிம்மதியைப் பார்த்தாள். அச்சாபீசில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அட்டை போயிற்று, ஆர்டர் போயிற்று, அவ்வளவுதான். இங்கே வாயை மூடினால் என்ன போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்கு மூக்கு இல்ல," என்றாள். "நாலு வருசமாச்சு. ஒண்ணும் தெரியாது. என்னை நம்பி யாரும் உக்காராதீக."

வேலுத்தாயின் கை தளர்ந்தது. மொக்கைச்சாமியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், தட்டில் இருந்த மருந்தைப் பார்த்தார், வெளியே நின்ற லாரியைப் பார்த்தார்.

"மருந்து அடைக்கிறதுக்கு மூக்கு எதுக்கு? கை இருக்குல்ல?" என்றார். "உக்காரு. லோடு நிக்குது."

வேலுத்தாய் எழுந்து, தான் மருந்துத் தட்டுப் பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டு, சட்டென்று வெளியே ஓட வசதியாகக் கதவை ஒட்டியிருந்த தன் இடத்தை மதினிக்கு விட்டாள். வள்ளித்தாய் உட்கார்ந்து முதல் குழலை எடுத்து மருந்தை அடைத்தாள். மூன்றாவது குழலில் அந்த வாடை வந்தது. தட்டில் இருந்து வருகிறதா, தலைக்குள் இருந்து வருகிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றுமில்லை. குனிந்து அடுத்த குழலை எடுத்தாள். மறுபடியும் வந்தது. மறுபடியும் நிமிர்ந்து பார்த்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேன் வருகிறவரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.